கிளைவின் இரண்டு வீடுகள்

ஒரு நாட்டின் வெயிலையும் மழையையும் மண்ணையும் அறிய விரும்புவோர் அந்நாட்டின் பழைய வீடுகளைப் பார்த்தால் போதும். மக்கள் எதற்கு அஞ்சினார்கள், கையில் கிடைத்த எப்பொருளைக் கொண்டு அந்த அச்சத்தைப் போக்கிக் கொண்டார்கள் என்பதை அவ்வீடுகளின் சுவரும் கூரையும் சாளரமும் எடுத்துச் சொல்லும். ஒரே மனிதர் இரு வேறு நாடுகளில் வாழ்ந்த இரண்டு நகர வீடுகள் இன்றும் நிலைத்திருந்து, இரண்டுமே சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்குமானால், ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் எளிதாகும். அத்தகைய ஒரு வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

அந்த மனிதர் இராபர்ட் கிளைவ் (1725–1774). அவருடைய ஒரு வீடு இலண்டன் மாநகரில் பெர்க்லி சதுக்கத்தில் 45ஆம் எண்ணுள்ள மாளிகை. மற்றொன்று சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. 'கிளைவ் மாளிகை' என்றும் 'அட்மிரால்டி மாளிகை' என்றும் அதற்குப் பெயர்கள் வழங்குகின்றன. கிளைவின் புகழ் பாடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. 1744இல் கம்பெனியின் எளிய எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர், ஆர்க்காட்டிலும் (1751) பிளாசியிலும் (1757) போரிட்டு, நம் நாட்டுச் செல்வத்தைக் கப்பல் கப்பலாகக் கொண்டு போனவர் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். இங்கே வீடுகளே நம் பொருள். இரண்டும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை; இரண்டிலும் வாழ்ந்தவர்கள் ஆங்கிலேயர்; ஆனாலும் கட்டட முறையில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் ஏற்பட்டது?

நெருப்பு வகுத்த வடிவம்

1666ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நான்கு நாட்கள் எரிந்து, 13,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. அந்நாளில் வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனவை. மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக் கொண்டிருந்தன. எதிரெதிர் வீட்டார் சாளரத்தின் வழியே கைகுலுக்கிக் கொள்ளும் அளவுக்குத் தெருக்கள் குறுகலாக இருந்தன. தீ ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவ வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆண்டே, 1667இல், ஒரு கட்டடச் சட்டம் வந்தது. வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ ஆனவையாக இருக்கவேண்டும் என்று அது விதித்தது. சந்துகளில் இரண்டு மாடிகள், நல்ல தெருக்களில் மூன்று, பெருந்தெருக்களில் நான்கு என்று வீடுகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் சுவரின் கனத்தையும் வரையறுத்தது. 1707இல் வந்த சட்டம் கூரை விளிம்பில் மர வேலைப்பாடுகளைத் தடை செய்தது. அதனால் கூரை விளிம்பை மறைத்து ஒரு கைப்பிடிச் சுவர் எழுந்தது. 1709இல் வந்த சட்டம், சாளரத்தின் மரச்சட்டம் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்வாங்கி இருக்க வேண்டும் என்றது. தெருவில் பரவும் தீ மரச்சட்டத்தைத் தொடாமலிருக்க இந்த ஏற்பாடு.

ஆங்கில நகர வீட்டின் படத்தைப் பார்க்கும்போது நம் கண்ணில் படும் கூறுகள் இவைதாம்: தட்டையான செங்கல் முகப்பு, அளவாக உள்வாங்கிய சாளரங்கள், கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டோடு பகிர்ந்து கொள்ளும் கனத்த பொதுச்சுவர். அழகுக்காக அமைந்தவை என்று நாம் நினைக்கும் பலவற்றையும் தீயின் அச்சம்தான் வகுத்தது.

மீதியைக் குளிர் வகுத்தது. நகரத்தில் நிலம் விலை மிக்கது. ஆகவே வீடு தெருவை நோக்கிக் குறுகியும் பின்னோக்கி நீண்டும் இருக்கும். இரு பக்கமும் அண்டை வீடுகள் ஒட்டியிருப்பதால் வெளிக்காற்றுக்கு வெப்பத்தை இழக்கும் சுவர்கள் முன்னும் பின்னுமாக இரண்டே. அறைதோறும் ஒரு கணப்பு. கூரையின் மேல் வரிசையாகப் புகைபோக்கிகள். சமையலறை பெரும்பாலும் நிலவறையில். இவற்றோடு, உள்ளே சிறிதேனும் வெயில் விழவேண்டுமென்று உயரமான கண்ணாடிச் சாளரங்கள். சாளரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி விதித்த 1696ஆம் ஆண்டுச் சட்டம் 1851வரை நடைமுறையில் இருந்தது. வெளிச்சத்துக்கே வரி கட்டிய நாடு அது!

பெர்க்லி சதுக்கத்து வீடு இக்குடும்பத்தில் செல்வந்தர் வகையைச் சேர்ந்தது. 1740களில் கட்டப்பட்ட இவ்வீட்டுக்குக் கல்லால் ஆன முகப்பு. 1760களில் கிளைவ் இதில் குடியேறி, சர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு உட்பகுதியைத் திருத்தி அமைத்தார். 1774 நவம்பர் 22ஆம் நாள் அவர் இறந்ததும் இவ்வீட்டில்தான். இன்று இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது.

கோட்டைக்குள் ஒரு வீடு

இனிச் சென்னைக்கு வருவோம். 1753 பிப்ரவரி 18ஆம் நாள், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலின் என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. அறிவியல் மாணவர்கள் இந்தக் குடும்பப் பெயரைக் கேட்டிருக்கலாம். மார்கரெட்டின் உடன்பிறந்தவரான நெவில் மாஸ்கலின் பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளரானார். ஒரு மலை தன் அருகில் தொங்கும் தூக்குக் குண்டை எவ்வளவு ஈர்க்கிறது என்று 1774இல் ஸ்காட்லாந்தில் அளந்து, பூமியின் அடர்த்தியைக் கணிக்க வழி செய்தவர் அவரே.

மணமக்கள் தங்கிய வீடு கிளைவ் கட்டியதன்று. எந்த ஆங்கிலேயரும் கட்டியதன்று. அது ஷவ்மியர் என்னும் ஆர்மேனிய வணிகக் குடும்பத்தின் உடைமையாக இருந்த வீடு. பட்டும் மணியும் வாணிகம் செய்த ஆர்மேனியர் அக்காலச் சென்னையில் பெருஞ்செல்வர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்த பெட்ரஸ் உஸ்கான் ஓர் ஆர்மேனியரே. பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரம் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்ததும், கோட்டைக்குள் ஆர்மேனியரும் கத்தோலிக்கரும் வீடு வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்தது. பல வீடுகள் கைமாறின. ஷவ்மியர் வீடும் பின்னர் கம்பெனியின் உடைமையாயிற்று.

திருமணம் நடந்த அடுத்த மாதமே கிளைவும் மனைவியும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். ஆக, அவர் பெயர் ஒட்டிக்கொண்ட வீட்டில் அவர் மணவாழ்க்கை நடத்திய காலம் மிகக் குறைவு. பின்னர் அரசின் பல பயன்களுக்கு இவ்வீடு ஆட்பட்டது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இக்கட்டடத்திலேயே அத்துறையின் சென்னை வட்ட அலுவலகமும் இயங்கி வருகிறது.

வீட்டின் சொந்தக்காரர் ஆர்மேனியர், குடியிருந்தவர் ஆங்கிலேயர். ஆனால் மண்ணைக் குழைத்தவர், செங்கல் அடுக்கியவர், சுண்ணாம்பு அரைத்தவர் யார்? நம் ஊர்க் கொத்தனார்களும் சித்தாட்களும்தாம். வெளித்தோற்றத்தில் ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும் காட்டினாலும், இக்கோட்டை வீடுகளின் உடம்பு நம் நாட்டு உடம்பு. ஏன் அப்படி ஆகவேண்டியிருந்தது என்பதைப் பௌதிகம் விளக்கும்.

இரண்டு ஊர், இரண்டு வெயில்

இலண்டன் வடக்கே 51½ பாகை அட்சத்தில் உள்ளது. சென்னை 13 பாகை அட்சத்தில். டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் இலண்டனில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் சென்னையில் அது 53 பாகைக்கு மேல் நிற்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களில் இலண்டனில் 38½ பாகை. சென்னையில் 77 பாகை. ஜூன் 21இல் சென்னைச் சூரியன் உச்சியையும் கடந்து வடக்கே சாய்ந்துவிடும்.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். தெற்கு நோக்கிய சுவருக்கு முன்னால் 10 அடி அகலமுள்ள தாழ்வாரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சூரியன் 77 பாகை உயரத்தில் இருக்கும்போது, தாழ்வாரக் கூரை தனக்குக் கீழே 43 அடி ஆழம்வரை சுவரை நிழலில் வைத்திருக்கும். அதாவது சுவர் முழுவதும் நிழலே. சூரியன் 15 பாகையில் இருக்கும்போது அதே கூரை தனக்குக் கீழே மூன்றடிகூட மறைக்காது. வெயில் உள்ளே பாயும். தாழ்வாரம் என்பது சென்னையில் குடை. இலண்டனிலோ அதற்கு வேலையே இல்லை. காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. அதற்காகவே தூண்களுக்கிடையே தட்டிகளும், சாளரங்களில் சாய்சட்டக் கதவுகளும் வந்தன. சாய்சட்டம் ஒளியை மறைக்கும், காற்றை விடும். கண்ணாடியோ ஒளியை விட்டுக் காற்றை மறைக்கும். இலண்டன் கண்ணாடியைத் தேர்ந்தது. சென்னை சாய்சட்டத்தைத் தேர்ந்தது.

காற்று இங்கே பெரும்பொருள். இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே அகன்ற நிலமும் சாலையும் இருக்கின்றன. அக்காலத்தில் அலைகள் கோட்டையின் கீழ்ச்சுவர் அருகிலேயே மோதின. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து கடல் பின்வாங்கியது. கோடையில் நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றை உள்ளே வரவேற்கவே சாளரங்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக அமைக்கப்பட்டன. உயரமான கூரைக்கும் இதே காரணம் உண்டு. 35 பாகை வெப்பமுள்ள காற்று, 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இலேசானது. இந்தச் சிறு வேறுபாடே அதை மேலே எழச் செய்யப் போதும். 15 அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள அறையில் சூடான காற்று தலைக்கு மேல் தங்கி, மேல்துளைகளின் வழியே வெளியேறும்.

வறண்ட காற்று வீசும் நாட்களில் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்துத் தொங்கவிடுவார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை உள்ளே வரும் காற்றிடமிருந்தே நீர் பறித்துக் கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். ஈரம் மிகுந்த கடற்காற்றில் இது அவ்வளவாகப் பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சுவரில் நடக்கும் அலை

வீட்டின் வெளிச்சுவர் பகலில் சூடேறி இரவில் குளிர்கிறது. நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இந்த வெப்பம் ஓர் அலையைப் போலச் சுவருக்குள் மெல்ல நகர்கிறது. நகர நகர அதன் வீச்சு குறைகிறது, காலமும் தாழ்கிறது. செங்கல் சுவரில் ஒவ்வொரு 12 சென்டிமீட்டருக்கும் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; காலம் ஏறத்தாழ 4 மணி நேரம் தாழும். கல்லூரி மாணவர்கள் வெப்பக் கடத்தல் சமன்பாட்டிலிருந்து இதைத் தாங்களே வருவித்துக் கொள்ளலாம்.

இப்போது இரண்டு சுவர்களை ஒப்பிடுவோம். இந்நாளில் தடுப்பாக எழுப்பப்படும் நாலரை அங்குலச் சுவரில், வெளியே உள்ள ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே உள்ளே வந்துவிடும். அதுவும் நான்கு மணி நேரத்துக்குள். பழைய வீட்டின் 18 அங்குலச் சுவரில் நாற்பதில் ஒரு பங்குதான் உட்புறம் சேரும். அதுவும் 14 மணி நேரம் கழித்து. வெளிச்சுவரின் முகம் 20 பாகை ஏறி இறங்கினாலும் உள்முகம் அரைப் பாகைதான் அசையும். பகல் இரண்டு மணி வெயில் மறுநாள் விடியற்காலையில், வெளியே குளிர்ந்திருக்கும் நேரத்தில், தளர்ந்துபோய் உள்ளே எட்டிப் பார்க்கிறது. கனத்த சுவர் என்பது வெறும் கோட்டைப் பாதுகாப்புக்கு மட்டும் ஏற்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

கட்டைக்குத்து மாடி

இலண்டன் வீட்டுக்கு ஓடு வேய்ந்த சரிவான கூரை. சென்னை வீட்டுக்குத் தட்டையான மொட்டை மாடி. இதைக் கட்டைக்குத்து மாடி என்று நம் கொத்தனார்கள் சொல்வார்கள். பொறியியல் நூல்களில் இதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். சென்னை தன் பெயரை உலகக் கட்டடக் கலைக்குக் கொடுத்திருப்பது இந்தக் கூரையால்தான்.

இதன் அமைப்பு எளியது, ஆனால் நுட்பமானது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களைச் சற்றேறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். அவற்றின் மேல், இதற்கென்றே அறுத்த மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகப் பதித்துக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை வேண்டுவதில்லை. முன்னே வைத்த வரிசை பின்னே வரும் வரிசையைத் தாங்கிக் கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்; அதை மரக்கட்டைகளால் நாட்கணக்கில் குத்தி இறுக்குவார்கள். குத்தும்போது வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். பெண்கள் வரிசையாக அமர்ந்து பாட்டோடு தாளம் தப்பாமல் குத்திய வேலை இது. அதற்கும் மேல் இரண்டு மூன்று அடுக்குத் தட்டோடு.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கனம். மேலே சொன்ன கணக்கின்படி, வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவுதான் கீழே இறங்கும். அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உச்சி வெயிலின் சூடு கூரையின் அடிமுகத்துக்கு வரும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். அந்நேரம் வீட்டார் பாயைச் சுருட்டிக் கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள்! 12 சென்டிமீட்டர் கனமுள்ள இன்றைய கான்கிரீட் கூரையில் அதே சூடு மூன்று மணி நேரத்தில், ஏறத்தாழப் பாதி வலிமையோடு இறங்கிவிடும். பிற்பகல் நான்கு மணிக்கு மின்விசிறி அனற்காற்றை வீசுவதன் காரணம் இதுவே.

இக்கூரைக்கு ஒரு வரம்பும் உண்டு. உத்திரத்தின் நீளத்துக்கு மேல் அறையை அகலமாக்க முடியாது. ஆகவே பெரிய கூடம் வேண்டுமானால் நடுவே தூண் வரிசை தேவை. தூண்கள் பெருமைக்காக நின்றவை என்று எண்ணுகிறோம். தேக்கு மரத்தின் நீளமும் அவற்றை நிறுத்தியது. கோட்டையிலேயே மரத்தை நம்பாத ஒரு கட்டடமும் உண்டு. 1680இல் முடிந்த புனித மேரி ஆலயத்தின் கூரை, குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று செங்கல் வளைவாகவே கட்டப்பட்டது. கதவு, சாளரம் தவிர அதில் மரமே இல்லை.

சிப்பியிலிருந்து சலவைக்கல்

சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகளை வியக்க வைத்தது சுவர்களின் வெண்மையும் பளபளப்பும். சலவைக்கல் என்றே பலர் நினைத்தனர். உண்மையில் அது சிப்பிச் சுண்ணாம்பு. எண்ணூர், பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் கிடைக்கும் சிப்பிகள் ஏறக்குறையத் தூய கால்சியம் கார்பனேட்டு. சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகவே கெட்டிப்படும். சிப்பி மீண்டும் கல்லாகிறது என்று சொல்லலாம்.

இந்தக் கலையைக் கண்டு வியந்த ஐசக் பைக் என்ற செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநர், சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை எழுதி இலண்டன் அரசவைக் கழகத்துக்கு அனுப்பினார். 1730களின் தொடக்கத்தில் அக்கழகத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. மணலும் சுண்ணாம்பும் சம அளவு, வெல்ல நீர், வேகவைத்து வடித்த பயற்றுக் கஞ்சி, கடுக்காய்க் கஷாயம் என்று அளவுகளோடு அதில் விவரங்கள் உள்ளன. மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்ப்பதையும் அது சொல்கிறது. நியூட்டன் தலைமை வகித்த கழகத்தின் இதழில் நம் கொத்தனாரின் கைப்பக்குவம் இடம் பெற்றது எண்ணிப் பெருமைப்படத் தக்கது.

இவை மூடநம்பிக்கையால் சேர்த்தவை அல்ல. சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு அதிகம் கரையும். அதனால் சாந்து நன்றாகக் குழைந்து செங்கல்லின் நுண்துளைகளுக்குள் புகும். தயிரிலும் முட்டையிலும் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகும். நெய்யின் கொழுப்பு சுண்ணாம்போடு கூடி நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக மாறும். மழை நீர் அதில் ஒட்டாது வழிந்தோடும். அம்மியில் வெண்ணெய் போல் அரைத்த கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். பளபளப்பு அவ்வாறு வந்தது. வேதியியல் வாய்பாடுகள் எழுதப்படுவதற்கு முன்பே கைகள் அவற்றைக் கண்டறிந்திருந்தன.

பழைய வீடு ஏன் விழுகிறது?

கோட்டைக்குள் கிளைவ் மாளிகைக்கு ஓர் உறவு வீடு உண்டு. பின்னாளில் வெல்லிங்டன் கோமகனாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1798ஐ ஒட்டித் தங்கியிருந்த வெல்லெஸ்லி மாளிகை அது. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னமே. எனினும் 1980இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாதுகாப்புப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் ஒரு வீட்டை நிறுத்தி வைக்காது என்பதற்கு இது சான்று.

இவ்வகை வீடுகள் பொதுவாக எப்படி நலிகின்றன என்று பார்ப்போம். கட்டைக்குத்து மாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிலோகிராம். முழு எடையும் உத்திரத்தின் முனைகள் வழியாகச் சுவருக்கு இறங்குகிறது. அந்த முனைகளோ சுவருக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. மழைநீர்க் குழாயில் இலைகள் அடைத்துக் கொள்ளும். பறவை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று ஒன்று கைப்பிடிச் சுவரில் முளைக்கும். வேர் நுழைந்த வழியே நீர் நுழையும். ஈரம் பட்ட உத்திர முனையைப் பூஞ்சையும் கறையானும் உள்ளிருந்து தின்னும். வெளியே எல்லாம் நன்றாகத் தெரியும். ஒருநாள் கூரை இறங்கும். ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் தளம் போடுவது நிலைமையை மோசமாக்கும். நலிந்த உத்திரத்தின் தலையில் புதிய சுமை ஏறுகிறது.

இன்னொரு கேடு நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு இன்று எங்கும் எளிதாகக் கிடைக்கிறது. பழைய சுவரில் வெடிப்புக் கண்டால் உடனே அதைச் சிமெண்டால் பூசி விடுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. சுவர் உறிஞ்சிய ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வாயிலை அடைத்துவிடும். வெளியேற வழியின்றி ஈரம் மேலேறி உத்திர முனைகளைத் தேடிப் போகும். கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் உண்டு. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது செங்கல்லின் துளைகளை நெருக்கி உடைக்கும். மேலே பூச்சு உறுதியாக நிற்க, உள்ளே செங்கல் மாவாகும். வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்டு நெகிழாது வெடிக்கும். மென்மையான உடம்புக்கு வன்மையான சட்டை பொருந்தாது.

எதைப் பாதுகாக்கிறோம்?

இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட வகை செய்தது. பட்டியலில் உள்ள வீட்டில் சொந்தக்காரர் குடியிருக்கலாம், விற்கலாம். ஆனால் அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்யக்கூடாது. ஆயிரக்கணக்கான சாதாரண நகர வீடுகளும் அப்பட்டியலில் உண்டு. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் தேசியச் சிறப்புடைய சின்னங்களைக் காக்கிறது. 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். மாமல்லபுரத்துக் கற்கோயில்களுக்கும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் கிளைவ் மாளிகைக்கும் ஒரே சட்டம்தான் காவல். ஆனால் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் தெருவுக்குத் தெரு இருந்த முற்றத்து வீடுகளுக்கும் கட்டைக்குத்து மாடிகளுக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. அவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

"நம்மை அடிமைப்படுத்தியவனின் வீட்டை நாம் ஏன் காக்கவேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை அந்த வீட்டின் சுவரிலேயே இருக்கிறது. கிளைவ் அதில் வாழ்ந்தது சிறிது காலம். அதை எழுப்பியதோ தலைமுறை தலைமுறையாக வந்த நம் உழைப்பாளிகளின் அறிவு. எந்த மரத்தை எவ்வளவு இடைவெளியில் வைப்பது, சிப்பியை எவ்வளவு நேரம் சுடுவது, சாந்தை எத்தனை நாள் புளிக்க வைப்பது என்ற அறிவு ஏட்டில் எழுதப்படாமல் கைகளிலேயே வாழ்ந்தது. அவ்வறிவின் செலவழியாத சில பக்கங்கள் இக்கட்டடங்கள். கட்டடத்தின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும், உள்ளே படிக்க வேண்டிய பாடம் நம்முடையது. பழுது பார்க்கச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமற் போனால், சட்டம் இருந்தும் வீடு இராது. ஆகவே கட்டடத்தோடு கைத்தொழிலையும் காப்பதே உண்மையான பாதுகாப்பு.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கத்து மாணவர்கள் இதை நேரில் காண்பது எளிது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டி கோட்டை நிலையத்தில் நிற்கும். தலைமைச் செயலகம் இயங்கும் இடமாதலால் வாயிலில் சோதனை உண்டு. புனித மேரி ஆலயத்தையும் 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்து வரலாம். கிளைவ் மாளிகையின் சுவர்க் கனத்தையும் கூரை உயரத்தையும் கவனிக்கலாம்.

ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இரண்டு வெப்பமானிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றைக் கான்கிரீட் வீட்டிலும் மற்றொன்றைப் பழைய கட்டைக்குத்து வீட்டிலும், கூரைக்கு ஓரடி கீழே தொங்கவிடுங்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம், இரண்டு மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையுங்கள். இரண்டு வளைகோடுகளின் உச்சிகளும் எந்த நேரத்தில் வருகின்றன, எவ்வளவு உயர்கின்றன என்று பாருங்கள். ஊரில் அப்படியொரு பழைய வீடு மிஞ்சியிருந்தால், அதன் சொந்தக்காரரிடம் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள். வீட்டை இடிக்க நினைப்பவர் ஒரு நாளாவது யோசிக்கக் கூடும்.